நங்கூரமிலிக் குழாம்

"வேண்டாமுன்னா வேண்டாந்தான் தம்பி, அந்த ஆளு நம்ம..."

"அக்கா, ஒரு நிமிஷம் நான் சொல்றதை..."

"...கப்பல்ல ஏறப்படாது. நானே காதால கேட்டனுங்க!"

"கேட்டீங்க, கேட்டீங்க! அந்தக் கையைப் பாத்தீங்களா? நாப்பதடி அலையில சுக்கானைப் பூ மாதிரி திருப்பறாரு. பதினோரு வருஷத்துல அப்படி ஒரு கை நம்மகிட்ட வந்ததே இல்ல."

"கை நல்ல கைதான். வீடுதான் சரியில்லை."

அந்த ஆளுக்காக வாதாடியவன் பரஞ்சோதி. அவன் இருந்தது ராணிப்பேட்டையில். கோமளவல்லி இருந்தது பெருந்துறையில், நாற்பத்தோராவது மாடியில், ஒரு ஆளுக்கென்று அளந்து கட்டிய ஒற்றையகத்தில். இருவரும், ஆட்டக் குரல்கள் வீடெங்கும் ஒலிக்கும் தத்தம் அமர்கூட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு ஆண்டுப் பழக்கம். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை.

கோமளவல்லி 'ஆழிப்போக்கு' ஆட்டத்தில் நங்கூரமிலிக் குழாத்தின் தலைவி. அந்த ஆட்டத்தில் ஒரு கப்பலுக்கு இருபது இருக்கைகள். விடிந்ததும் புறப்பட்டால் பொழுது சாயும்வரை ஓட்டம். எந்த இருக்கையாவது ஐந்து நிமிடத்துக்கு மேல் காலியாகக் கிடந்தால் கப்பல் ஒரு பக்கம் சாயும். பத்து நிமிடம் என்றால் மூழ்கும். மற்றக் குழாங்கள் நடுப்பகலில் நங்கூரம் போட்டு இளைப்பாறும். இவர்கள் போட்டதே இல்லை. பெயரும் அப்படி வந்ததுதான். நான்கு ஆண்டுகளாக முதலிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதன் ரகசியம் கோமளவல்லி ஆள் எடுக்கும் முறையில் இருந்தது.

பேசுகருவிகளில் ஒலிவடி வந்து முப்பது ஆண்டுகள் இருக்கும். பேசுகிறவரின் குரலை மட்டும் விட்டுவிட்டு, சுற்றியுள்ள சத்தத்தையெல்லாம் அது சலித்து நிறுத்திக்கொள்ளும். குரல் மாவாக வந்து சேரும். வீடு தவிடாகச் சல்லடையிலேயே தங்கிவிடும். எதிராளியின் வீட்டில் குழாய் சொட்டுகிறதா, மழை அடிக்கிறதா, யாராவது இருமுகிறார்களா என்பதே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. ஆனால் குழாத்தின் தலைவருக்கு ஒலிவடியை நீக்கிப் பார்க்கும் உரிமையை ஆட்டம் கொடுத்திருந்தது. ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பதற்காக. கோமளவல்லி அதை வேறொன்றுக்குப் பயன்படுத்தினாள். சேர வருகிறவரிடம் எல்லாம் பேசி முடித்தபிறகு, "ஒரு நிமிஷம் சும்மா இருங்க சாமி, உங்க வீட்டைக் கேக்கறேன்" என்பாள்.

மின்விசிறி மட்டும் கேட்டால் நல்லது. கடிகாரம் கேட்டால் இன்னும் நல்லது. செருப்புச் சத்தம், சிரிப்பு, பாத்திரம் விழுவது, அடுத்த அறையில் தும்மல் கேட்டால், "போய்ட்டு வாங்க" என்றுவிடுவாள். "எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்றும் கேட்பாள். 'பசிக்கிறப்ப' என்றால் தேர்ச்சி. 'ஒரு மணிக்கு' என்றால் தோல்வி. பசிக்கு மணி தெரியாது; மணி பார்த்துச் சாப்பிடுகிறவனை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவன், "கதவைத் தட்டறாங்க, இதோ வந்துட்டேன்" என்று எழுந்து போனான். அவன் அக்காள் ஊரிலிருந்து வந்திருந்தாளாம். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கப்பல் கவிழ்ந்தது. அன்றைக்கு வைத்த விதி.

"இப்பவே சொல்லிட்டேன்," என்றாள். "ஞானதிரவியம்ங்கறவரு வீட்டை நான் கேட்டேன். முப்பதாவது நொடியில ஒரு பொம்பளக் குரல். 'ஏங்க, தோசை ஆறுது'ங்குது. நடுக்கடல்ல அந்தக் குரல் வந்தா அவரு என்ன பண்ணுவாரு? சுக்கானை விட்டுப்போட்டு தோசைக்குப் போவாரு."

"இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. அதுக்குள்ள இருபதாவது ஆள் இல்லேன்னா ஆட்டத்துக்காரங்க குழாத்தையே கலைச்சிடுவாங்க. நம்ம பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு திக்கா..."

"எனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்தப் பத்தொன்பதில் மீதிப் பதினெட்டுப் பேரின் குரல்களைத் தவிர அவள் காதில் வேறு பழகிய குரல் விழுந்து வருடக்கணக்காகிறது. குழாம் கலைந்தால் அவள் வீட்டில் மின்விசிறிதான் மிச்சம். இருபதாவது இருக்கையில் இருந்த ஆவுடைத்தங்கம் போன மாதம் ஒருநாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. என்ன ஆனாளோ. விசாரிக்கலாமென்றால், அவள் எந்த ஊர் என்று யாரும் கேட்டு வைத்திருக்கவில்லை. கப்பலில் வெட்டிப்பேச்சு கூடாது என்பது கோமளவல்லி போட்ட இன்னொரு விதி.

"அக்கா," என்றான் பரஞ்சோதி. குரல் இறங்கியிருந்தது. "அது பெண்டாட்டி இல்ல. பெட்டி."

"என்ன பெட்டி?"

"மனையொலி. நீங்க கேள்விப்பட்டதில்லையா? தேங்காய் அளவுதான் இருக்கும். அடுப்படி மூலையில வெச்சிட்டா போதும், வீட்ல நாலு பேர் இருக்கற மாதிரி சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும். உணவுச்சூடேற்றி 'பீப்'புனு கத்தினா அதை வாங்கி, 'சாப்பிட வா'ன்னு மனுஷக் குரல்ல கூப்பிடும். எல்லார் வீட்லயும் இருக்கு. வெளிய யாரும் சொல்லிக்கமாட்டாங்க. வெட்கம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"



"என் வீட்லயும் இருக்குக்கா. பதினோரு வருஷம் முன்னாடி நீங்க என் வீட்டைக் கேட்டப்ப அணைச்சு வெச்சிருந்தேன். நம்ம பதினெட்டு பேரும் அப்படித்தான். உங்க ஒரு நிமிஷம் ஊருக்கே தெரியும். பயணம் போறப்பவும் அது வாயை மட்டும் அடைச்சிடுவோம், காது திறந்தேதான் இருக்கும்; முடிஞ்சதும் பேச விட்டுடுவோம். இந்த மனுஷனுக்கு அந்தச் சூது தெரியல, அவ்வளவுதான்."

"அப்போ நான் கேட்டு எடுத்தேனே, அந்த அமைதி?"

"அது நாங்க வெச்ச அமைதி."

கோமளவல்லி தன் வீட்டைக் கேட்டாள். மின்விசிறி. அது யாரும் அணைத்து வைத்த அமைதி அல்ல.

"முதல் ரெண்டு மாசம் கம்பெனிக் குரல்தான் வரும்," என்று அவனே தொடர்ந்தான். "அப்புறம், நம்ம குரலைத் தவிர வீட்டுல எந்தக் குரல் அதிகமா கேக்குதோ அதைப் பிடிச்சுக்கும். அதனால அன்னியமா இருக்காது."

"உன் வீட்ல எந்தக் குரல் தம்பி?"

"அது... இருக்கு ஒண்ணு. நீங்களும் ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்கக்கா."

"என் வீட்ல அது யார் குரலைப் பிடிக்கும்? கப்பல்ல நீங்கெல்லாம் 'சரிக்கா', 'ஆச்சுக்கா'ன்னு ரெண்டு வார்த்தைக்கு மேல வாயைத் திறக்கறதில்லை."

"நீங்கதானே வெட்டிப்பேச்சு கூடாதுன்னீங்க."

மறுநாள் அவளே ஞானதிரவியத்தைக் கூப்பிட்டாள். வள்ளியூர்க்காரர், அறுபதைத் தாண்டியவர்.

"அண்ணாச்சி, உங்களை எடுத்துக்கறமுங்க. ஒண்ணே ஒண்ணு, பயணத்தப்ப அந்தப் பெட்டியை மட்டும் அணைச்சிரணும்."

"அது முடியாதும்மா."

"பெட்டிதானுங்களே?"

"பெட்டிதான். இல்லைங்கல. ஆனா கூப்பிடுதுல்லா? கூப்பிட்டா எந்திச்சுப் போவணும். அதுக்குத்தான வாங்கி வச்சிருக்கேன்."

"போகலேன்னாலும் பெட்டி கோவிச்சுக்காதுங்க அண்ணாச்சி. நாளைக்கும் கூப்பிடும்."

"அது கூப்பிடும். நமக்குத்தான் காது மரத்துப் போயிரும்." அவர் மெல்லச் சிரித்தார். "ஒண்ணு செய்வோமா? மத்தியானம் ஒரு மணிக்கு அரை மணி நேரம் நங்கூரம் போடுங்க. நான் வாரேன். இல்லன்னா இந்தக் கிழவனை விட்டுருங்க."

நங்கூரமிலிக் குழாத்துக்கு நங்கூரமா! ஆட்டத்தில் இருக்கிற அத்தனை பேரும் கைகொட்டிச் சிரிப்பார்கள். கோமளவல்லி எட்டு நாள் வேறு ஆள் தேடினாள். வந்தவர்கள் வீட்டையெல்லாம் கேட்டாள். எல்லா வீடும் துடைத்து வைத்தது போல அமைதி. அந்த அமைதியில் எது மெய், எது பொய் என்று அவளால் இனிப் பிரிக்க முடியவில்லை. ஒன்பதாம் நாள் காலை பரஞ்சோதியிடம் சொன்னாள்: "அண்ணாச்சியை வரச் சொல்லு. நங்கூரம் ஒண்ணு வாங்கிப் போடு."

சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் ஞானதிரவியத்தின் கை, பரஞ்சோதி சொன்னதற்கு மேலாகவே இருந்தது. முதல் வாரத்திலேயே பெரும்புயல் ஒன்று வந்தது. பாய்மரம் முறிந்து, பாதிக் கப்பல் தண்ணீருக்குள் போய்விட்டது. "போச்சாது சாமி, ஒண்ணும் ஆகாதுங்க! பயப்படாதீங்க, அண்ணாச்சி பாத்துக்குவாரு!" என்று கோமளவல்லி கத்திக்கொண்டே இருந்தாள். அவர் அலையின் முதுகில் ஏற்றி, அலையின் வயிற்றில் இறக்கி, கப்பலைக் கரை சேர்த்தார். குழாம் நிலைத்தது. முதலிடமும் நிலைத்தது. நடுப்பகல் ஓய்வால் ஆட்களுக்குத் தெம்பு கூடியிருந்தது; இதை ஏன் முன்னமே செய்யவில்லை என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

ஒரு மணிக்கு நங்கூரம் இறங்கும். அடுத்த நொடி பத்தொன்பது இருக்கைகளிலும் உருவங்கள் அணைந்துபோகும். கடல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். முன்பு பன்னிரண்டு மணி நேரமும் கூட்டத்தோடு இருந்தவளுக்கு இந்த அரை மணிதான் ஓடவே இல்லை. அவள் வீட்டுச் சூடேற்றியும் 'பீப்' என்று கத்தும். கம்பங்கூழை எடுத்துக்கொண்டு அமர்கூட்டுக்கே திரும்பி வருவாள். காலி இருக்கைகளைப் பார்த்தபடி குடிப்பாள்.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. ஒருநாள் கூழை வாயில் வைக்கப் போனவள், கீழே வைத்தாள். ஒலிவடியை நீக்கும் உரிமை இன்னும் அவளிடம்தான் இருந்தது. சேர்ந்துவிட்டவர்களின் வீட்டை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அது திருட்டு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுவதைக் காதால் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் போதும்.

பத்தொன்பது வீடுகளின் ஒலிவடியையும் ஒருசேர நீக்கினாள்.

முதலில் வெறும் இரைச்சல். தட்டு, தம்ளர், தாளிப்பு, எங்கோ குழாய். பிறகு அதற்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. "வாங்க சாமி, வாங்க. எல்லாரும் வந்தாச்சுங்களா? சோறு ஆறுது பாருங்க." அரை நொடி தள்ளி இன்னொரு வீட்டில் அதே குரல். அப்புறம் இன்னொன்றில். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒன்றை ஒன்று முந்தி, பத்தொன்பது இடங்களிலிருந்து ஒரே பெண் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

யாரிந்தப் பொம்பளை என்றுதான் கோமளவல்லிக்கு முதலில் தோன்றியது. சொந்தக் குரலை யார் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்? 'சாமி' என்ற இடத்தில்தான் பிடிபட்டது.

நாளெல்லாம் இந்த வீடுகளில் ஒலித்த வேறு குரல் ஏது?

வள்ளியூர் வீட்டைத் தனியாகப் பிரித்துக் கேட்டாள். கம்பெனிக் குரல் அங்கும் போய்விட்டிருந்தது. "ஏங்க, தோசை ஆறுது" என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். "வந்துட்டேம்மா, கையைக் கழுவிட்டு வாரேன்" என்றார் ஞானதிரவியம், அவசர அவசரமாக.

ராணிப்பேட்டையில் தட்டு வைக்கிற சத்தம். கப்பலில் இரண்டு வார்த்தை பேசுகிற பரஞ்சோதி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்குப் புயல்ல நெஜமாவே பயந்துட்டேன்க்கா. உங்ககிட்ட சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். ராத்திரி தூக்கமே வரல. அம்மா போன அன்னிக்கு இருந்த மாதிரி இருந்துச்சு..."

"போச்சாது சாமி," என்றது அவள் குரல், அவளால் என்றைக்கும் சொல்ல முடியாத பொறுமையோடு. "முதல்ல சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டே சொல்லுங்க, நான் எங்கயும் போகலை."

"ரசம் கொஞ்சம் உப்புக்கா."

"நாளைக்குக் கம்மியாப் போட்டுக்கலாமுங்க."

அவன் சிரித்தான். பரஞ்சோதி சிரித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

நங்கூரம் எடுக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கூழ் ஏடு படிந்து கிடந்தது. பத்தொன்பது வீட்டிலும் அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள். விக்கலுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதுபோல் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எவரோ ஒருவர் இன்னும் வந்து உட்காரவில்லை போலும். ஒரு வீட்டில் மட்டும் அந்தக் குரல் விடாமல் அழைத்தது. "வாங்க சாமி. எத்தனை வாட்டி கூப்பிடறது? வாங்க, ஆறுது."

கோமளவல்லி தலையில் மாட்டியிருந்த கவசத்தைக் கழற்றாமலே அமர்கூட்டில் பாதி எழுந்தாள். கை தன்னால் சேலையைச் சரிசெய்துகொண்டது.

"இதோ வந்துட்டனுங்க," என்றாள். "எனக்கும் ஒரு தட்டு வைங்க."