மடக்கி வைத்த கறுப்புக் கத்தி

அன்றைக்கு அது மூன்றாவது ஆள். காலையில் காணாமல் போன நாய் ஒன்று, பதினோரு மணிக்குக் கையெழுத்துத் தகராறு ஒன்று. இரண்டையும் ஒருவழியாக முடித்துவிட்டு, அண்ணி அப்போதுதான் செருப்பைக் கழற்றி வீங்கிய காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தார். சைக்கிள் கடைக்கு மேலிருந்த அந்த ஒற்றை அறையில் மின்விசிறி சுற்றுவதாகப் பேர், காற்று வந்தபாடில்லை. மாடிப்படியில் யாரோ மூச்சிரைக்க ஏறி வரும் சத்தம் கேட்டது.

"ஐயோ, இன்னொண்ணா?" என்றார்.

கொழுந்தனுக்கோ உற்சாகம் தாங்கவில்லை. துப்பறியும் வேலையில் அண்ணிக்கு உதவியாளாகச் சேர்ந்து ஆறு மாதமாகியும் அவனுக்கு அது அலுக்கவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

வந்தவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறிக் கை இரண்டும் வெளுத்திருந்தன. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"என் தம்பி தார்ப்பாய் தைக்கிற பட்டறையில பேக்கிங் வேலை பார்க்கிறான்மா. இன்னைக்குச் சாப்பாட்டு நேரத்துல புதுத் தார்ப்பாயை யாரோ நடுவுல கிழிச்சுட்டாங்க. பக்கத்துல அவன் கத்தி கிடந்துச்சாம். அஞ்சு மணிக்குள்ள ஒத்துக்கலைன்னா போலீஸுக்குச் சொல்லிடுவேங்கிறாரு முதலாளி."

"உன் தம்பி என்ன சொல்றான்?"

"கத்தி தொலைஞ்சு மூணு நாளாச்சுன்னான். அதுக்கு மேல வாயைத் திறக்கல. உம்மணாமூஞ்சின்னுதான் அங்க அவனுக்குப் பேரு. ரெண்டு வருஷம் வேலை இல்லாம மூலையில முடங்கிக் கிடந்தவன், இப்பத்தான் மனுஷனா நடமாடறான். இதுவும் போச்சுன்னா தேறவே மாட்டான்மா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கத்தியே நான் வாங்கிக் கொடுத்ததுதான். முதல் நாள் வேலைக்குக் கிளம்பறப்ப."

அண்ணி மணியைப் பார்த்தார். மூன்றே கால். பெருமூச்சு விட்டுக்கொண்டே காலால் செருப்பைத் தேடினார்.

பட்டறை ஒரு நீளமான தகரக் கொட்டகை. உள்ளே வெயில் உருகி வழிவது போலப் புழுக்கம். நடுவில் பெரிய வெட்டுமேசை. அதற்கு மேலே சுவரில், 'திறந்த கத்தியை மேசைமேல் வைக்காதே' என்று சிவப்பு எழுத்தில் பலகை.

"ஒரு கீறல் பட்டாப் போதும், துணி வீண்," என்றார் முதலாளி. "இங்க வேலைக்கு வர்றவங்களுக்கு மொதல்ல சொல்லிக் கொடுக்கிறதே இதைத்தான்."

கிழிந்த துணி மேசைமேல் இரண்டு துண்டாகக் கிடந்தது. இன்னும் மிஷினுக்கே போகாத துணி. ஓரமெல்லாம் வெட்டியது வெட்டியபடியே இருந்தது. பக்கத்தில் ஆர்டர் சீட்டு: தைத்து முடித்த அளவு, நீளம் இருபத்து நான்கு அடி, அகலம் பதினெட்டு.

முதலாளி மேசை இழுப்பறையிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்தார். "மேஸ்திரிதான் பார்த்துட்டுக் கூப்பிட்டாரு. நான் வந்து எடுத்துப் பூட்டி வெச்சேன். வேற யாரும் தொடல."

"திறந்து கிடந்துச்சா?"

"இல்ல, மடக்கித்தான் இருந்துச்சு."

கொழுந்தன் ஆசையாகக் கை நீட்டினான். பிடி, பிளேடு எல்லாமே கறுப்புப் பூச்சு. பார்த்தால் நல்ல கனமான இரும்பு போல் தெரிந்தது. அந்த நினைப்பில் எடுத்தவனுக்குக் கை நெஞ்சு வரைக்கும் துள்ளியது. "அடேயப்பா! என்ன அண்ணி, தீப்பெட்டி கனம்கூட இல்ல!"

திறந்துவிட்டான். மடக்கத்தான் தெரியவில்லை. அமுக்கிப் பார்த்தான், விரல் தப்பியது தம்பிரான் புண்ணியம். அண்ணி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிடிக்குள் ஒளிந்திருந்த மெல்லிய தகடு ஒன்றைக் கட்டைவிரலால் ஓரமாகத் தள்ளினார். அப்புறம்தான் அது மடங்கியது.

"டேப் எடுத்து அந்தத் துணியை அளந்து பாரேன்," என்றார் அண்ணி.

கொழுந்தன் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து, மண்டியிட்டு, வியர்க்க வியர்க்க அளந்தான். "இருபத்து நாலுக்குப் பதினெட்டு அண்ணி! சீட்டுல இருக்கிற அதே அளவு. ஒரு அங்குலம்கூட வித்தியாசம் இல்ல!"

"அப்படியா?" என்றார் அண்ணி, ரொம்ப அலுப்பாக.

மற்றவர்களெல்லாம் சாப்பிட வீட்டுக்குப் போகிறவர்கள். அந்த நேரத்தில் கொட்டகைக்குள் இருந்தது நாலே பேர்: துணி வெட்டும் மேஸ்திரி, தையல்காரம்மா, ஸ்டோர்காரர், தம்பி. நாலரை மணிக்கு நாலு பேரையும் மேசையைச் சுற்றி நிற்க வைத்தார் அண்ணி. தம்பி தலையைத் தொங்கப் போட்டபடி அக்கா பக்கத்தில் நின்றான். மற்ற மூவரும் இந்தக் கத்தியை வாழ்நாளில் தொட்டதே இல்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

"அப்போ ஒரு தடவை எடுத்துப் பார்த்துட்டு மேசைமேல வைங்க," என்று கத்தியைத் திறந்து தையல்காரம்மாவிடம் நீட்டினார்.

அந்த அம்மாள் வாங்கியதும் கை மேலே போனது. "அட, பிளாஸ்டிக்கா இது?" மேசைப் பக்கம் குனிந்தவள் நிமிர்ந்து, "இதை எப்படிம்மா மடக்கறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஸ்டோர்காரருக்கும் கை துள்ளியது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அரை நிமிஷம் மல்லுக்கட்டினார். "நமக்கு இதெல்லாம் ஆகாது," என்று அவரும் கொடுத்துவிட்டார்.

மேஸ்திரி வாங்கிக்கொண்டார். "இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கோபம் மூக்கு நுனியில நிக்குதும்மா. நேத்து ஒரு வார்த்தை திட்டினேன், அதுக்கு இப்படியா?" என்று பேசிக்கொண்டே கட்டைவிரலால் ஒரு தள்ளு. 'டக்'. மடங்கிய கத்தி மேசைமேல் உட்கார்ந்தது.

கொழுந்தனுக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. "அண்ணி!" என்று கத்திவிட்டான்.

"சும்மா இரு," என்றார் அண்ணி. சொல்லப் போவதை நினைத்தாலே அவருக்குச் சோர்வாக இருந்தது. "மேஸ்திரி, இந்தக் கத்தியை மொதல் தடவை எடுக்கிற யாருக்கும் கை தூக்கிடுது. உங்க கை அசையவே இல்ல. குனிஞ்சுகூடப் பார்க்காம மடக்கிட்டீங்க. துணியைக் கிழிச்ச கையும் இதே பழக்கத்துலதான் மடக்கி வெச்சிருக்கு."

முதலாளி விடவில்லை. "தம்பிக்கும்தான் மடக்கத் தெரியும். வெட்டின துணியை அவரே எதுக்குக் கிழிக்கணும்?"

"ஓரம் மடிச்சுத் தைக்க ஒரு பக்கத்துக்கு எவ்வளவு துணி விடுவீங்க?"

"மூணு அங்குலம்."

"அப்போ நீளம் இருபத்து நாலரை அடி இருக்கணும். இது சரியா இருபத்து நாலுதான் இருக்கு. மடிப்புக்கு விடாமலே வெட்டியாச்சு. கிழிஞ்ச துணியை யாரு அளக்கப் போறாங்க?"

மேஸ்திரி துணிக்கட்டின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"முப்பது வருஷத்துல மடிப்பு விட மறந்தது இதான் மொதல் தடவை. வயசாயிடுச்சு, வீட்டுக்குப் போன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்துட்டேன். கத்திரிக்கோலால கிழிச்சா என் மேல திரும்பும். கத்தி பையில இருந்துச்சு. மூணு நாள் முன்னாடி பேக்கிங் மேசையில கிடந்ததை எடுத்தேன். கைக்கு அவ்வளவு லேசா இருந்துச்சு, திருப்பிக் கொடுக்க மனசு வரல."

முதலாளி போனை எடுத்தார். அக்கா தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். தம்பி அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு முன்னால் வந்து, முதலாளியிடம் 'வேண்டாம்' என்று கையைக் காட்டினான். கத்தி தொலைந்ததைச் சொன்னதற்கு மேல் அன்று வாய் திறக்காதவன் மேஸ்திரியின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமேண்ணே," என்றான். "நாலு பக்கமும் பட்டை வெட்டி ஒட்டுப் போட்டிருக்கலாம். ஒரு மணி நேர வேலை. நான் கூட உக்காந்திருப்பேன்."

மேஸ்திரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.