முதல் கூப்பாடு

திரையில் ஏழாம் எண் பெட்டியில் பச்சைக்கோடு துடித்தது. துடிக்கக் கூடாது. ஏழாம் எண் படகு மூழ்கி நான்கு மாதம் ஆகிறது.

பூமயில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்தப் பழைய குண்டு மானிட்டரை மறுபடி பார்த்தாள். தொண்டிக் கடற்கரையில், ஐஸ் கம்பெனி மாடியில், வெள்ளிக்கிழமை நண்பகலில் அவளைத் தவிர யாரும் இல்லை. படகு முதலாளி சதக்கத்துல்லா ஜும்மாவுக்குப் போயிருந்தார். கீழே ஐஸ் இயந்திரத்தின் உறுமலும், தலைக்கு மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் டக்கென்று தட்டும் மின்விசிறியும், ஜன்னல் வழியே கருவாட்டு வாடையோடு வந்த வெக்கையும்தான் அவளுக்குத் துணை.

கடலில் இருக்கும் படகுகளின் வயர்லெஸ் பேச்சைக் கம்ப்யூட்டரில் கேட்பதற்காக அவள் எழுதிய புரோகிராம் அது. படகுக்கு ஒரு பெட்டி; மூழ்கிப்போன ஏழாம் எண்ணுக்கும் மனசு கேட்காமல் ஒன்று வைத்திருந்தாள். தனியாக பிளேயர் எதையும் திறக்க வேண்டியதில்லை. வருகிற ஒலியை வாங்கி ஓட்டும் புரோகிராம் துண்டையும் அவளே எழுதி உள்ளேயே பதித்திருந்தாள்.

"மூணாவது கூப்பாட்டுக்குத்தான் லைனத் தொறக்கணும் தாயி," என்று சதக்கத்துல்லா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "எங்க வாப்பா காலத்துப் பழக்கம். கடல்ல இருந்து ஒத்தக் கூப்பாடு வந்தா, அது நம்மாளு இல்ல."

தலையாட்டிவிட்டு, முதல் கூப்பாட்டுக்கே திறக்கும்படி எழுதினாள். அந்தப் பழக்கத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம். மழை பொய்த்து, சாயல்குடிப் பக்கத்து நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுப் படகேறிய அவள் புருஷன் மலையாண்டி, ஏழாம் எண் படகு மூழ்கிய அன்றைக்கு அதிலிருந்து இரண்டு தடவைதான் கூப்பிட்டான். கரையில் இருந்தவர்கள் மூன்றாவதுக்குக் காத்திருந்தார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவன் குரலை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்றுதான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்போனை மாட்டினாள். தண்ணீர்ச் சத்தம். மரம் முனகும் சத்தம். பிறகு, எங்கோ தூரத்தில்.

"பூமயிலு."

ஒரே தடவை. அவன் குரல்தான். மைக்கை இழுத்தாள்.

"இங்கனதான் இருக்கேன் மச்சான். வந்துருங்க. இங்கன வந்துருங்க."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. பச்சைக்கோடு நிற்கவில்லை.

ஹெட்போனில் இப்போது வேறு சத்தம். டக். டக். அவள் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி. அதற்கு அடியில் இயந்திரத்தின் உறுமல். அவள் அசைந்தாள், நாற்காலி கிறீச்சிட்டது. அதுவும் கேட்டது.

மைக்கின் வயரைப் பிடுங்கினாள். அப்போதும் கேட்டது.

ஈரக்கால் தரையில் பதியும் சத்தம். ஹெட்போனைக் கழற்றினாள். காலடிச் சத்தம் இல்லை. மாட்டினாள். இன்னோர் அடி. இன்னும் கிட்டத்தில்.

"மச்சான்?"

அவள் குரலே ஹெட்போனில் திரும்பி வந்தது. பிடரிக்குப் பின்னால் நின்று கேட்டால் எப்படிக் கேட்குமோ, அப்படி.

மூச்சுச் சத்தம் மட்டும். தன் மூச்சாகத்தான் இருக்கும். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

வாயைப் பொத்தினாள். மூச்சை அடக்கினாள்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை. பச்சைக்கோடு ஏறியது. இறங்கியது. ஏறியது.