பன்னிரண்டாவது பாட்டில்

பதினெட்டாயிரத்து முந்நூற்று நாற்பது. கூட்டித் துடைக்கிறவள் பெயரில் ஆஸ்பத்திரி எழுதி வைத்த கடன். அவள் கைநீட்டி வாங்காத கடன். அவளுடைய இரண்டு மாதச் சம்பளம். மேனேஜர் அதைத் தாளில் டைப் அடித்து, பக்கத்தில் மை டப்பாவையும் திறந்து வைத்திருந்தார்.

"கைநாட்டு வச்சிட்டுப் போ" என்றார்.

"படிச்சிட்டுத்தான் சார் சொல்வேன்" என்றாள். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடிக்கும்வரை அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி 8.05.

காலை 7.10க்கு நர்ஸ் குளிர்பெட்டியைத் திறந்தபோது பன்னிரண்டு பாட்டிலுக்குப் பதினொன்றுதான் இருந்தது. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு எண்ணியபோது கணக்கு சரி. சாவி நர்ஸின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆறரைக்கு அந்த அறையில் தனியாக நின்று தரை துடைத்தவள் இவள் ஒருத்திதான்.

பிள்ளைகளுக்கு நடுக்காதில் சீழ் கட்டுமே, அதற்குச் சோதனை முறையில் வந்திருந்த மருந்து அது. பத்து நாள் சிரப்பு ஊற்றி, பிள்ளை துப்பி, வயிறு கெட்டு அல்லாட வேண்டாம். ஒரே தடவை காதில் விட்டால் செவிப்பறைமேல் பசையாக ஒட்டிக்கொண்டு மெல்ல உள்ளே இறங்கும். பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு பாட்டில். பட்டியலில் கடைசிப் பெயர் இவளுடைய மகள். ஆறு வயது. இந்த வருடத்தில் மட்டும் நான்கு தடவை காது. கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் அடி வேறு வாங்கியிருந்தாள்.

"பொறுக்க முடியாம எடுத்துட்டே. தாள்ல இருக்கறது அந்தப் பாட்டில் விலை. இனி பட்டியல்ல பதினோரு பேருதான்" என்றார் மேனேஜர்.

"என் பிள்ளை பாட்டிலை நானே ஏன் சார் திருடணும்? குப்பை வண்டி ஒன்பதுக்கு வரும். அதுக்குள்ள என்னைத் தேட விடுங்க. கிடைக்கலைன்னா பத்து விரலையும் வைக்கிறேன்."

சிகிச்சைக்குப் பொறுப்பான இளைய டாக்டரம்மா, விடுங்கள் என்றாள். மேனேஜர் முனகிக்கொண்டே எழுந்து பின்னால் போனார்.

முற்றத்தில் நான்கு மூட்டைகள். நேற்று ஏழு மணிக்கு எல்லா அறைக் குப்பையையும் சேர்த்து அவளே கட்டியவை. காது பார்க்கிற பெரிய டாக்டரின் அறையைக் கடைசியாகத்தான் துடைத்தாள். அவருடைய கடைசி நோயாளி ஆறு மணிக்கே போயாகிவிட்டது. இருந்தும் மேசைமேல் இருந்த எவர்சில்வர் கிண்ணத்து வெந்நீர், கொட்டப் போனபோது கையைச் சுட்டது. சுட்ட இடம் இன்னும் சிவந்திருந்தது.

8.40. மூன்றாவது மூட்டையில் கிடைத்தது. சீட்டு உரிக்கப்பட்ட சின்ன பாட்டில். உள்ளே மருந்து முழுசாக இருந்தது. கவிழ்த்தாள். சொட்டுகூட விழவில்லை.

"மாட்டுனியா! நீதானே கட்டுன மூட்டை? இதுல மருந்தே இல்ல, ஏதோ பசை" என்றார் மேனேஜர்.

"ஐஸ்ல வைங்க சிஸ்டர்" என்றாள், பின்னால் வந்து நின்ற நர்ஸிடம்.

வைத்தார்கள். பத்து நிமிடத்தில் பசை இளகித் தண்ணீரானது.

துடைக்கிறவள் எல்லோரையும் கூப்பிடச் சொன்னாள். பெரிய டாக்டரையும். அவர் வந்து, கைகட்டி, கதவோரம் நின்றார். போன வாரம் டாக்டரம்மா பெற்றோரை உட்காரவைத்து இந்த மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தபோதும் அதே கதவோரம்தான் நின்றார். முப்பது வருஷமாகச் சொட்டு மருந்திலேயே ஊர்க் காது கேட்கிறது என்று சிரித்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார்.

"பிள்ளைக்குப் போட எடுத்தவங்க போட்டிருந்தா பாட்டில் காலியா இருக்கணும்" என்றாள். "முழுசா இருக்கு. போடப் பார்த்து, விழாம, தூக்கிப் போட்டிருக்காங்க. ஏன் விழல? சூடு காட்டியிருக்காங்க. குளிர்ல தண்ணி, சூட்டுல பசை. பெட்டியிலேர்ந்து எடுத்த கையோட விடணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. நர்ஸுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், முன்னாடி உட்கார்ந்து கேட்டவ நான்."

"மேனேஜர் சாருக்குத் தெரியாதே" என்றாள் நர்ஸ், மெதுவாக.

"அவருக்குக் காது மருந்தைச் சூடு பண்ணணும்னே தெரியாது சிஸ்டர். சில்லுன்னு விட்டா தலை சுத்தும்னு வெந்நீர்ல பாட்டிலை நிறுத்தி வைக்கிறது காது வைத்தியம் பண்றவங்க பழக்கம். காது வேலை கைவந்தவர், ஆனா இந்தப் பாடத்தைக் கேட்காதவர். இங்க அப்படி ஒருத்தர்தான் இருக்கார்." கையை நீட்டிச் சிவப்பைக் காட்டினாள். "உங்க கிண்ணம் சுட்டது டாக்டர். ஏழு மணிக்கு."

பெரிய டாக்டர் மறுக்கவில்லை. பேரனுக்கு மூன்று நாளாக ஒரே வலி, பின்வாசல் வழியாகக் கூட்டிவரச் சொன்னேன் என்றார்.

"கேட்டிருந்தா கொடுக்க வழி பார்த்திருப்பேனே சார்" என்றாள் இளையவள்.

"கேட்கத் தலை குனியணுமே" என்றாள் துடைக்கிறவள். "அதுக்கு என் தலையைக் கொடுத்துட்டார்."

ஒரு தடவை சூடேறி மறுபடி இளகிய மருந்தைப் பிள்ளைக்கு விட முடியாது. வேறு பாட்டில் வியாழக்கிழமை வரும், பணம் பெரிய டாக்டருடையது, முதல் காது இவள் மகளுடையது என்று இளையவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேரனுக்கு என்று பெரியவர் இழுத்தார். பட்டியலில் பதின்மூன்றாவதாக எழுதுகிறேன், அடுத்த தவணை வரட்டும், எல்லோரையும் போல வரிசையில் உட்காருங்கள் என்றாள் இளையவள்.

மேனேஜர் தாளைக் கிழிக்கப் போனார். துடைக்கிறவள் தடுத்தாள். கிழித்தால் நாளைக்கு நடக்கவே இல்லை என்பார்கள். தொகையைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னாள். கீழே 'இவரிடம் வசூலிக்க எதுவும் இல்லை' என்று எழுதவைத்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். தேதி விட்டுப்போயிருந்தது. அதையும் போடவைத்தாள்.

9.40. தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள்.

"மை டப்பாவை மூடிடுங்க சார். காயுது."

வாளியை எடுத்துக்கொண்டு போனாள். பெரிய டாக்டரின் அறை இன்னும் துடைக்காமல் கிடந்தது. அன்றைக்கு அது அப்படியே கிடந்தது.