பின்சுவரின் கனம்

மூன்று தடவை அளந்தாயிற்று. மூன்று தடவையும் இரண்டடி இடித்தது. மயிலாப்பூரின் அந்தப் பழைய மாதா கோயில் வெளியே நூற்றுப்பன்னிரண்டடி. உள்ளளவு, பீடத்துக்குப் பின்னாலுள்ள சந்து, சுவர்கள் எல்லாம் கூட்டினாலும் நூற்றுப்பத்துதான். கட்டடப் படம் வரையும் அனந்தராமனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

காலைப் பூசை முடிந்து கதவுகளைச் சாத்தியிருந்தார்கள். தொண்ணூற்றாறு ஜூன் வெயில் வண்ணக் கண்ணாடிகள் வழியே இறங்கி, தரையில் பதித்த கல்லறைப் பலகைகள்மேல் சிவப்பும் நீலமுமாகக் கிடக்க, அணைந்த மெழுகுத்திரி, வவ்வால் எச்சம், கடலுப்பு எல்லாவற்றுக்கும் அடியில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய சுண்ணாம்புச் சாந்தின் வாசனை வந்துகொண்டேயிருந்தது. முந்நூறு வருஷத்துச் சுவரில் புதுச் சாந்து வாசனை ஏது? அவருக்கு அது பிடிக்கவில்லை.

ஷாஹுல் ஹமீது ஒருக்களித்துச் சந்துக்குள் நுழைந்து, டேப்பின் நுனியைப் பின்சுவரில் அழுத்திப் பிடித்திருந்தார். பதினோரு வருஷமாக அனந்தராமனுக்கு அளவு பிடிப்பவர். வெள்ளிக்கிழமை மகள் அஃப்ராவுக்கு நிக்காஹ்.

“இன்னா சார், சொவரு சில்லுனு கீது. கையில ஒட்டுது.”

“பழைய சொவரு அப்படித்தான் பாய். அப்படியே பிடிங்க.”

நாலாவது தடவையும் நூற்றுப்பத்து. பசி வேறு. படம் வரைபவர்கள் எல்லோரும் செய்வதை அவரும் செய்தார்: இடித்த இரண்டடியைப் பின்சுவரின் தலையில் கட்டினார். மூன்றடிச் சுவருக்கு ஐந்தடி என்று பென்சிலால் எழுதினார். சுவருக்குள் போய் யார் பார்க்கப்போகிறார்கள்?

பீடத்துக்குப் பின்னால் ஏதோ அரைபட்டது. ஆட்டுக்கல் சுற்றுவதுபோல, நிதானமாக. டேப் தொய்ந்தது.

“சார்... எடம் இல்ல சார். சார், சொவரு—”

அனந்தராமன் பீடத்துக்குப் பின்னால் ஓடினார். சந்து இல்லை. வழவழவென்று வெள்ளைச் சுவர். டேப் அதற்குள் போயிருந்தது.

“பாய்! ஹமீது பாய்!”

தான் எழுதிய எண்தான். சுவர் அதன்படியே ஐந்தடியாகியிருந்தது. ரப்பரை எடுத்து அந்த ஐந்தைத் தேய்த்தார். தேய்த்தார். தாள் கிழிந்தது. சுவர் நகரவில்லை.

நகத்தால் பிராண்டினார். சாந்து ஈரமாக வந்தது.

அவர் முகத்துக்கு நேரே, ஒரு வாயளவுக்கு, சாந்து உள்ளே குழிந்தது. உப்பியது. மறுபடி குழிந்தது.

மூச்சு.

அதன் பக்கத்தில் இன்னொன்று. மேலே இரண்டு. இடுப்பு உயரத்தில், சின்னதாக, ஒன்று. சுவர் முழுக்க.

முதல் குழி மெல்ல நின்றுபோனது. மற்றவை நிற்கவில்லை.