பதினான்கு நாற்பத்திரண்டு

பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ‘கொக்கு’ என்றால்தான் திரும்புவாள். கால்கள் அப்படி! உடம்பில் பாதிக்கு மேல் காலாகவே இருக்கும்.

அந்தப் பெயரை வைத்தவர் அப்பா. சாலைகளில் வெள்ளைக் கோடு போடுவது அவருடைய வேலை. கோடு கொஞ்சம் வளைந்துவிட்டால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

கொக்கு மூன்று கிலோமீட்டரை முன்பைவிட வேகமாக ஓடி முடிக்கும்போதெல்லாம் வீட்டில் ஒரு சடங்கு நடக்கும். படுக்கையறைக் கதவில் முதுகு ஒட்ட அவளை நிற்க வைப்பார் அப்பா. “எக்காதே! குதிகால் தரையில இருக்கணும்” என்று அதட்டுவார். பிறகு உச்சந்தலை தொடும் இடத்தில், மிஞ்சிய வெள்ளைப் பெயிண்டால் அந்த நேரத்தை எழுதுவார். கதவில் கீழிருந்து மேலாக ஒன்பது நேரங்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது 14:42, அதாவது பதினான்கு நிமிடம் நாற்பத்திரண்டு நொடி.

அதை எழுதிய பதினோராம் நாள் நெஞ்சு வலிக்கிறது என்று அப்பா மருத்துவமனைக்குப் போனார். அப்புறம் வரவேயில்லை.

எட்டு மாதம் ஆயிற்று. கதவில் பத்தாவது நேரம் ஏறவில்லை.

ஓட முடியாமல் இல்லை. அதுதான் யாருக்கும் தெரியாத ரகசியம். அப்பாவின் எழுத்துக்கு மேலே வேறு ஒருவர் எழுத்து வருவதைக் கொக்குவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் ஒவ்வொரு பந்தயத்திலும், ஓட்டம் முடிய இருநூறு மீட்டர் இருக்கும்போது வரும் ரொட்டிக்கடை முனை திரும்பியதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். கொஞ்சம் மெதுவாக்குவாள். 14:45. அடுத்த பந்தயத்தில் 14:44.

“கடைசி இருநூறு மீட்டர்ல உனக்கு என்னம்மா ஆகுது? பேய் பிடிக்குதா?” என்று தலையில் கைவைத்துக்கொள்வார் உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவர் பெயர் விசில் சார்.

“மூச்சு வாங்குது சார்” என்பாள் கொக்கு. பச்சைப் பொய்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாலைப் பந்தயம். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவை அறையில் வேலை. ஞாயிறு என்றாலும் போர்வைகள் அழுக்காகத்தானே செய்யும்? அதனால் தம்பி வாண்டு மட்டும் கொக்குவோடு வந்திருந்தான். அவனை விசில் சார் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அவள் ஓட்டம் தொடங்கும் கோட்டுக்கு வந்தாள்.

அங்கே தோழி பட்டாசு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஓயாமல் வெடிக்கிற வாய் அன்று புஸ்ஸென்று போயிருந்தது.

“இன்னிக்குப் பதினாலு நாப்பத்தஞ்சுக்குள்ள வரலன்னா, பள்ளி டீம்ல எனக்கு இடமில்லையாம். சார் சொல்லிட்டார்” என்றாள் பட்டாசு.

“வந்துடுவ.”

“ரெண்டு தடவையும் சொதப்பிட்டேனே! தனியா ஓடினா எனக்கு வேகமே தெரியாதுடி. உன் முதுகைப் பார்த்தாத்தான் என் கால் ஓடும். நல்லா ஓடு, என்ன?”

கொக்கு தலையை மட்டும் ஆட்டினாள்.

விசில் ஒலித்தது. அறுபது பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு கிளம்பினார்கள். தபால் நிலையம், வங்கி, பாலம் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. இரண்டாவது கிலோமீட்டர் முடிந்தபோது கொக்குவுக்கு முன்னால் நாலு பேர்தான் இருந்தார்கள். பின்னால் பட்டாசின் காலணிகள் தப்தப்பென்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தன.

ரொட்டிக்கடை முனை வந்தது. கொக்கு கடிகாரத்தைப் பார்த்தாள். 13:38.

அம்மாடி! இவ்வளவு வேகமாகவா வந்திருக்கிறோம்? இப்படியே போனால் 14:40-க்குள் முடிந்துவிடும். கால்கள் தாமாகவே தளர்ந்தன.

உடனே பின்னாலிருந்த தப்தப்பும் தளர்ந்தது.

“கொக்கு... நிறுத்தாதடி...” பட்டாசுக்கு மூச்சு இரைத்தது. “இந்தத் தடவையாவது... நிறுத்தாத...”

அந்தச் சொல் கொக்குவின் காதிலேயே நின்றது. இந்தத் தடவையாவது என்றால்? அப்படியானால் போன இரண்டு தடவையும் பட்டாசு சொதப்பவில்லை. தான் மெதுவாக்கியதால்தான் அவளும் மெதுவாகியிருக்கிறாள். அப்பாவின் எண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று தோழியின் இடத்தை அல்லவா கெடுத்திருக்கிறோம்!

முன்னால் சாலை நேராகக் கிடந்தது. கண்ணில் நீர் முட்டி எல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

“அப்பா, கோவிச்சுக்காதீங்க” என்று முணுமுணுத்தாள். பிறகு திரும்பாமலே கத்தினாள். “வாடி! விடாம வா!”

ஓடினாள். அழுதுகொண்டே ஓடினாள். ஓட்டத்தில் அழுதால் மூக்கும் சேர்ந்து ஒழுகும் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. துடைக்க ஏது நேரம்?

“பதினாலு இருபத்தொன்பது!” என்று ஒலிபெருக்கி அலறியது. “அடுத்தவங்க, பதினாலு முப்பத்துமூணு!”

பட்டாசு வந்து அவள்மேல் விழுந்தாள். “கிடைச்சிருச்சுடி! கிடைச்சிருச்சு!” என்று குதித்தவள், தோழியின் முகத்தைப் பார்த்து நின்றாள். “ஏய், ஏன் இப்படி அழற? எங்கயாவது அடிபட்டுச்சா?”

கொக்கு இல்லையென்று தலையாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பட்டாசும் பக்கத்தில் உட்கார்ந்து, தோளோடு தோள் ஒட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, “எவ்வளவும்மா?” என்று கேட்டாள்.

“பதினாலு நாப்பத்திரண்டு.”

“பொய், பொய்!” என்று வாண்டு துள்ளினான். “மைக்ல இருபத்தொன்பதுன்னு சொன்னாங்க! என் காதால கேட்டேன்!”

அம்மா மகளையே பார்த்தாள். “இதுக்கு எதுக்குக் கண்ணு பொய்?”

அவ்வளவுதான், கொக்கு உடைந்துபோனாள். மெதுவாக ஓடியது, பட்டாசு, எல்லாவற்றையும் கொட்டினாள். “புதுசா எழுதினா அப்பா எழுதினது பழசாயிடும்மா. எனக்கு அது வேண்டாம்மா.”

அம்மா அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். “எனக்கும்தான் வேண்டாம்” என்றாள். “அவர் சட்டையை இன்னும் துவைக்காம வச்சிருக்கேன். ஊர்த் துணியெல்லாம் துவைக்கறவ நான்.”

வாண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கும் உதடு பிதுங்கியது.

வெகுநேரம் கழித்துக் கொக்கு எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானாகவே போய்க் கதவில் முதுகை ஒட்டி நின்றாள். எட்டு மாதமாக அவள் அந்த இடத்தில் நிற்கவேயில்லை.

அம்மா பென்சிலை எடுத்து வந்து அவள் தலைமேல் வைத்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

“எக்காதம்மா.”

“எக்கலையே.”

வாண்டு தரையில் படுத்துக் குதிகால்களைப் பரிசோதித்தான். “எக்கலம்மா! அக்கா நிஜமாவே வளந்துட்டா!”

கொக்கு விலகித் திரும்பிப் பார்த்தாள். பென்சில் முனை 14:42-க்கு நாலு விரல் மேலே இருந்தது. ஓட்டத்தை மெதுவாக்கி மெதுவாக்கிப் பார்த்தவளால், வளர்வதை மெதுவாக்க முடியவில்லை.

“நான் இவ்வளவு வளந்தது அப்பாவுக்குத் தெரியாதேம்மா” என்று தேம்பினாள்.

“தெரியாதுடி கண்ணு” என்றாள் அம்மா.

அம்மா அந்த இடத்தில் 14:29 என்று எழுதினாள். எண்கள் கோணல்மாணலாக வந்தன. கொக்கு பென்சிலை வாங்கி, அப்பா பார்க்காத அந்த நாளின் தேதியையும் பக்கத்திலேயே எழுதினாள்.