அடுத்த ஆள் வரும்வரை

லெந்து என்னும் தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை. பிரசங்கபீடத்துக்கு நான் தைத்த ஊதாத் துணியைப் போர்த்தி, மடிப்பை நீவிவிட்டு, பின்வாசல் வழியாக ஜெப அறைக்குப் போனேன். சாயங்கால வெயில் கோயில் சுவரில் பாதி வரைக்கும் ஏறியிருந்தது. அந்த அறைக்கு நான் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அங்கேதான் என் அக்கா செத்துக் கிடந்தாள்.

எங்கள் சபையில் லெந்து வெள்ளிக்கிழமைகளில் சங்கிலி ஜெபம் நடக்கும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்த அறையில் ஒருவர் மாற்றி ஒருவர் முழங்காலில் இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு. கைப்பை, செல்போன் எல்லாம் பக்கத்தில் போதகர் அங்கி மாட்டும் உடுப்பு அறை மேசையில் வைத்துவிட வேண்டும். அடுத்த ஆள் வந்து, பின்னால் நின்று, தோளில் கை வைத்து, "நான் வந்துட்டேன், நீங்க போகலாம்" என்று சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. இந்தச் சங்கிலி இதுவரை அறுந்ததே இல்லை என்று எங்களுக்கு ஒரு பெருமை. பெருமை பாவம் என்று பிரசங்கம் கேட்கிற அதே காதால்தான் இதையும் கேட்டுப் பூரித்துக்கொள்வோம்.

அக்கா நர்ஸ். சபை முழுக்க அவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும். போன வருடம் அவள் கடைசிக்கு முந்தின ஆள். கடைசி ஆள் சபைச் செயலர். அவர் வந்து அவளை எழுப்பி, பரமண்டல ஜெபம் சொல்லிச் சங்கிலியை முடித்து, கோயிலைப் பூட்ட வேண்டும். மறுநாள் காலை அவர்தான் அவளைப் பார்த்ததாகச் சொன்னார். "சாயங்காலம் நான் வந்து கை வச்சேன். இன்னும் கொஞ்ச நேரம் ஜெபிச்சுட்டுப் போறேன்னாங்க. சரின்னு விட்டுட்டு வந்தேன். பாக்கியமான மரணம்!" என்று அடக்க ஆராதனையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவுக்குச் சர்க்கரை நோய். ஊசி போட்டுக்கொண்டு உபவாசம் இருக்காதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், கேட்டாளா? மயக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ள வைத்திருந்த மிட்டாய், உடுப்பு அறை மேசையில் அவள் பைக்குள் அப்படியே இருந்தது. அவள் தனிக்கட்டை, அன்றைக்கு அவளைத் தேட வீட்டில் ஆள் இல்லை. நான் மகள் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தேன்.

எல்லாரும் நம்பினார்கள். எனக்கு மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. அக்கா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலமெல்லாம், அடுத்த டூட்டிக்கு ஆள் வராமல் வார்டை விட்டு நகர மாட்டாள். ஆள் வந்துவிட்டால் அதற்கப்புறம் ஒரு நிமிடம் நிற்க மாட்டாள். அப்படிப்பட்டவள் 'இன்னும் கொஞ்ச நேரம்' என்றாளாம். யார் காதில் பூ சுற்றுகிறார்?

அதனால்தான் இந்த வருடம் அவளுடைய அதே முறையைக் கேட்டு வாங்கினேன். கடைசி முறையைச் செயலர், போதகர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். முழங்கால் வலியாம்.

எனக்கு முன்னால் உள்ளே இருந்தவர் பாட்டு வாத்தியார். தோளில் கை வைத்ததும் மனிதர் துள்ளினார்.

"பக்கத்துல யாரோ மூச்சு விடறாங்க தையல்காரம்மா," என்று கிசுகிசுத்தார்.

"கோயிலே அதிரப் பாடற ஆளு, காத்துக்குப் போய்ப் பயப்படறீங்களே," என்றேன். அவர் சிரிக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சின்ன அறை. எட்டாத உயரத்தில் ஒரு ஜன்னல். முழங்கால் போட ஒரு பலகை, அதன்மேல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திண்டு. மெழுகு வாசனையும் ஈரச் சுவர் வாசனையும் கலந்து வந்தன. கண்ணை மூடினேன். வெளியே வாத்தியாரின் காலடிச் சத்தம் தேய்ந்து அடங்கியது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

முதலில் வாசனைதான் மாறியது. மெழுகு போய், டெட்டால் வந்தது.

அக்கா வீட்டுக்குள் நுழைந்தால் அவளுக்கு முன்னால் வருகிற வாசனை. பக்கத்துத் திண்டிலிருந்து மூச்சு கேட்டது. இளைப்பு மூச்சு, மாடி ஏறி வந்தவர் விடுவதுபோல.

பிறகு என் முதுகுக்குப் பின்னால் ஒரு தாழ்ப்பாள் மெல்ல நகர்கிற சத்தம்.

கர்ர்ர்... டக்.

சட்டம் கிடக்கட்டும் என்று திரும்பிப் பார்த்தேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. எழுந்து வெளிப்பக்கம் போய்த் தடவினேன். தாழ்ப்பாளே இல்லை. திருகாணி இருந்த ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் பூசியிருந்தது. போன வருடம் ஈஸ்டருக்குச் செயலர் தன் கையாலேயே இந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடித்தார் என்று சபையே மெச்சியது. வீட்டில் ஒரு பல்பு மாட்டாத மகராசன்!

உள்ளே திரும்பினேன். கதவின் உட்புறத்தில், அடியில், முழங்காலில் இருக்கிற ஆளின் கை எட்டுகிற உயரத்தில், பெயிண்ட் உப்பிக்கொண்டு வந்தது. சூடு பட்ட தோல்போல. என் கண்ணெதிரே கொப்புளம் உடைந்து உதிர்ந்தது. கீழே மரத்தில் கீறல்.

பக்கம் பக்கமாக, நகக் கீறல்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். வீறிட்டேன்.

போதகர். அவர் முறைக்கு வந்திருந்தார். கதவைக் காட்டினேன். குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "ஈரம்மா. பழைய மரம், ஊறிப்போயிருக்கு," என்றார்.

"ஈரத்துக்கு நகம் இருக்கா ஐயா?" என்றேன்.

அவர் பலகைக்குப் போய் முழங்கால் போட்டார். அன்று வீட்டுக்குப் போய், செம்பு செம்பாகத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தேன். அதற்கப்புறம் பயம் போய்விட்டது. அந்த இடத்தில் ஆத்திரம்தான் உட்கார்ந்தது.

அடுத்த வாரம் செயலரின் மனைவி ரவிக்கை அளவு கொடுக்கக் கடைக்கு வந்தாள். நல்ல வெயிலிலும் முழுக்கை கேட்பவள். ஏன் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். முறிந்துபோன அவள் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டவள் அக்காதான். போன வருடம் சபைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, "பொண்டாட்டி மேல கை ஓங்கறவர் கையால நான் திருவிருந்துப் பாத்திரம் வாங்க மாட்டேன்," என்று போட்டு உடைத்தாள். செயலர் அன்றைக்குப் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். அவள் செத்தது அதற்கடுத்த வெள்ளிக்கிழமை.

அளவு நாடாவை வந்தவள் தோளில் வைத்தபடியே கேட்டேன். "அக்கா செத்த அன்னைக்குச் சாயங்காலம் உன் வீட்டுக்காரர் எப்ப வந்தாரு?"

கண்ணாடியில் அவள் முகம் வெளுத்தது. "சீக்கிரமாவே வந்துட்டாருக்கா. சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டாரு. மறுநாள் விடியறதுக்குள்ள ஸ்குரூடிரைவரை எடுத்துக்கிட்டுக் கோயிலுக்குப் போனாரு."

"எதுக்குன்னு நீ கேக்கலையா?"

"கேட்டா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?"

அவளைக் கோபித்து என்ன பயன்? இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றையும் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறான் படுபாவி.

குருத்தோலை ஞாயிறன்று அறிவிப்பு நேரத்தில் நான் எழுந்து நின்றேன். "பெரிய வெள்ளி அன்னைக்குச் சங்கிலியைச் செயலர் ஐயாவே முடிச்சு வச்சா சபைக்கு ஆசீர்வாதமா இருக்கும். என் அக்காவைக் கடைசியா எழுப்பின கை அவரோடதுதானே," என்றேன். சபை மொத்தமும் "ஆமென்" போட்டது. அவர் முழங்கால் வலியைப் பற்றி ஆரம்பித்தார். "வலியோட ஜெபிச்சா இன்னும் பலன் ஜாஸ்தி," என்று பாட்டு வாத்தியார் எடுத்துக்கொடுத்தார். மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம்? எல்லார் கண்ணும் தன்மேலே இருக்க, பல்லைக் காட்டிக்கொண்டே தலையாட்டினார்.

பெரிய வெள்ளி. மத்தியானம் மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனை முடிந்து சபை கலைந்தது. சிலுவையைக் கறுப்புத் துணி மூடியிருந்தது. மணி அடிக்கவில்லை, ஆர்கனும் பூட்டிக் கிடந்தது. அவரவர் ஓசையில்லாமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள். நான் என் முறைக்கு முழங்கால் போட்டேன். பக்கத்துத் திண்டு நான் பார்க்கும்போதே அழுந்தியது.

டெட்டால். இளைப்பு மூச்சு.

"அக்கா, அவன் வருவான்," என்றேன். மூச்சு ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

ஜன்னல் வெளிச்சம் சாம்பலாக மங்கியபோது காலடிச் சத்தம் கேட்டது. உடுப்பு அறையைத் தாண்டி வந்தது. வாசலில் நின்றது. வெகுநேரம் நின்றது. அவர் தொண்டையைச் செருமினார். நான் திரும்பவில்லை.

உள்ளே வந்தார். என் பின்னால் நிற்கிற உடம்பின் சூடு தெரிந்தது. கை வரப்போகிறது என்று தோளை இறுக்கிக்கொண்டேன்.

கை என் தோளுக்கு வரவில்லை.

"நான் வந்துட்டேன், நீங்க போகலாம்..." பழக்கத்தில் சொல்லிக்கொண்டே வந்த குரல் பாதியில் பிசிறியது. திரும்பினேன். அவர் கை எனக்குப் பக்கத்தில், வெறும் காற்றின் மேல், ஒரு தோள் உயரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"இவ்வளவு நேரமா?"

என் அக்காவின் குரல். டூட்டிக்குத் தாமதமாக வந்த பிள்ளைகளைக் கேட்கிற அதே குரல்.

அவர் முழங்கால்கள் பலகையில் மோதிய சத்தத்தில் எனக்கு எலும்பு கூசியது. "வந்தேன் சிஸ்டர்," என்று அழுதார். "அன்னைக்கும் வந்தேன். உங்க பின்னாடி நின்னேன். கையைத் தூக்கினேன். கூட்டத்துல நீங்க பேசினது ஞாபகம் வந்துச்சு. வைக்கலை. ஒரு ராத்திரி முழங்கால்ல கிடந்து அடங்கட்டும்னுதான் தாழ்ப்பாளைப் போட்டேன். செத்துப்போவீங்கன்னு நினைக்கலை. சத்தியமா நினைக்கலை!"

"அவ கதவைப் பிராண்டினது கேட்டுச்சா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கேட்டிருக்கிறது.

நான் எழுந்தேன். என்னைத்தான் யாரும் தடுக்கவில்லையே. "தையல்காரம்மா, விட்டுட்டுப் போகாதீங்க, என்னால எந்திரிக்க முடியலை," என்று கெஞ்சினார். வாசலைத் தாண்டினேன். கதவு தானாக, அவசரமே இல்லாமல் சாத்திக்கொண்டது.

கர்ர்ர்... டக்.

இல்லாத தாழ்ப்பாள் விழுந்தது.

உடுப்பு அறையில் செயலரின் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மரத்தைப் பிராண்டினார். என் கை கதவை நோக்கிப் போனது, பொய் சொல்லவில்லை, நானும் மனுஷிதானே. அவள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"காலைல வரலாம்க்கா," என்றாள்.

கோயிலைப் பூட்டியது அவள்தான்.

மறுநாள் போதகரோடு போனபோது கதவு தொட்டதும் திறந்தது. அவர் உயிரோடுதான் இருந்தார். முழங்காலில், கதவைப் பார்த்தபடி. நகம் ஒன்றும் மிஞ்சவில்லை. நாலு பேர் பிடித்து இழுத்தும் கால் நிமிரவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊசி, மருந்து, சூட்டு ஒத்தடம் எல்லாம் பார்த்தார்கள். கட்டிலில் கிடத்தினால் உருண்டு விழுகிறார். கடைசியில் மெத்தைமேலேயே முழங்காலில் இருத்தி, முன்னால் தலையணைகளை அடுக்கிவிட்டார்கள். கதவு திறக்கும்போதெல்லாம், "வந்துட்டீங்களா?" என்று கேட்கிறார். பேச்சு அவ்வளவுதான். யாராவது தோளில் கை வைத்தால் சரியாகிவிடும் என்று போதகர் வைத்துப் பார்த்தார், டாக்டர்கள் வைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மனைவி வைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு பார்த்தாள்.

'நீங்க போகலாம்' என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்து, ஈஸ்டர் ஆராதனையில் வாய்விட்டு அழுதேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் செயலர் மனைவிக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் ஒரு சின்ன நர்ஸ் எங்களை நிறுத்தினாள்.

"இவரைப் பாக்க வர்ற அந்தப் பெரிய சிஸ்டர் யாரும்மா? எங்க ஆஸ்பத்திரி இல்லை, பழைய மாதிரி யூனிபார்ம். இருட்டற நேரத்துல வந்து பின்னாடி நிக்கறாங்க."

"என்ன பண்றா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்றதில்லை. அவர் தோளுக்கு நேரா கையைத் தூக்கறாங்க. அவருக்கும் தெரியுது போல, உடம்பெல்லாம் நடுங்குது, வந்துட்டீங்களா வந்துட்டீங்களான்னு கெஞ்சறாரு. ஆனா..." அவள் தன் கையை உயர்த்தி, காற்றில் நிறுத்திக் காட்டினாள். "வைக்கவே மாட்டேங்கறாங்க."