விளக்குப் படியைத் தொடாதவன்

அந்திச் செவ்வானம் கொள்ளிடத்துப் புதுவெள்ளத்தில் குருதியாய்க் கரைந்தோட, கீழ்த்திசையில் முழுமதி எழுந்துகொண்டிருந்த அவ்வேளையில், நெடுந்துறைக் கோட்டையின் அரண்மனைப் பெண்டிர் பட்டுடுத்து, பூச்சூடி, வாய் நிறைய வெற்றிலையோடு ஆற்றோர மாடத்தில் கூடியிருந்தார்கள். என்ன விழா என்கிறீர்களா, அன்பார்ந்த வாசகர்களே? ஒருவனை ஆற்றில் தள்ளப் போகிறார்கள், அவ்வளவுதான்.

அக்கோட்டையின் வழக்கம் அது. ஒற்றன் என்று ஐயப்பட்டவனைக் கொத்தளத்திலிருந்து வெள்ளத்தில் தள்ளுவார்கள். நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில், படித்துறைப் படி ஒன்றில் விளக்கு எரியும். நீந்திவந்து அதைத் தொட்டால் குற்றமற்றவன். தொடாவிட்டால், அவனுக்குப் பிணை நின்றவரும் ஆற்றில் விழ வேண்டும். இதுவரை தொட்டவர் யாருமில்லை. எல்லாரும் எதிர்நீச்சலடித்து ஓய்ந்து மூழ்கினார்கள். "இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம்" என்று மாடத்தில் பேசிக்கொள்வார்கள்.

இன்றைக்கு அகப்பட்டவன் யாழாசிரியன் கூத்தன். பிணை நின்றவள் சிற்றரசர் விழுப்பரையரின் மகள் நல்லமங்கை. யாழ்ப்பாடம் ஏன் அவ்வளவு நேரம் நீண்டது என்பது நமக்கெதற்கு? ஊருக்கே தெரிந்த சங்கதி.

தள்ளினார்கள். கூத்தன் விளக்கின் பக்கம் திரும்பவேயில்லை. மல்லாந்து, பாதங்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, எதிர்ப்பட்ட பாறைகளைக் காலால் உதைத்து விலகிக்கொண்டு போனான்.

"ஆசிரியருக்குத் தூக்கம் வந்துவிட்டது போலும்" என்றாள் இளைய ராணி.

அக்கரையோரம் ஒரு பெரும்பாறையின் பின்னே நீர் அடங்கிச் சுழன்றது. அதை நெருங்கியதும் அவன் புரண்டு, ஓட்டத்துக்குக் குறுக்கே சாய்வாகக் கைவீசி, அந்த அமைதிக்குள் புகுந்து கரையேறிவிட்டான்.

"பிழைத்துவிட்டார், தந்தையே" என்றாள் நல்லமங்கை.

"பிழைத்தான். படியைத் தொடவில்லை" என்றார் விழுப்பரையர், வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி. "மகளென்று உன்னை விட்டுவிட்டால் என் ஆணையை எவன் மதிப்பான்? ஒட்டியாணத்தை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ, அம்மா. இளைய ராணிக்கு அளவு சரியாயிருக்கும்."

இளைய ராணி மறுக்கவில்லை.

வெள்ளத்தில் விழுந்த நல்லமங்கை, எல்லாரையும் போலவே விளக்கைப் பார்த்துத்தான் நீந்தினாள். தோள்கள் மரத்தன, சேற்றுநீர் தொண்டையை அடைத்தது. காலூன்றப் பார்த்தாள், பாறையிடுக்கில் பாதம் சிக்க, வெள்ளம் அவள் தலையை அமுக்கிற்று. தோல் கிழியப் பிடுங்கிக்கொண்டாள். அப்போதுதான், தன்னைக் கைவிட்டுப் போனவன் போன விதம் அவளுக்கு நினைவு வந்தது. மல்லாந்தாள். அலை தாழ்ந்தபோது மூச்சிழுத்தாள், பாறைகளை உதைத்தாள், பெரும்பாறை வந்ததும் புரண்டு சாய்வாக நீந்தினாள்.

அக்கரையில் ஒரு கை நீண்டது. அதைத் தொடாமல், வேரைப் பற்றித் தானே ஏறினாள்.

"தாங்கள் யார்?"

"தங்கள் தந்தையின் பகைவரான வடகரையாரின் படகுப்படைத் தலைவன், தேவி" என்றான் கூத்தன். "பெற்ற மகளைத் தள்ளமாட்டார் என்று நம்பினேன்."

"நானும் நம்பினேன். தங்களையும் நம்பினேன்." வாயிலிருந்த மணலைத் துப்பினாள். "கோட்டைக்குள் நுழைய நீர்வாயில் ஒன்று இருக்கிறது. அதன் தாழ் எங்கே என்று காட்டுகிறேன்."

அவன் முகம் மலர்ந்தது. ஆண்பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் முகம் மலரத்தான் செய்யும்.

"இந்த ஆற்றின் மேல் ஆணை. முதலில் இதில் விழுபவர் என் தந்தை" என்றாள் நல்லமங்கை, கூந்தலைப் பிழிந்துகொண்டே. "அதன்பிறகு தாங்கள்."